ஞாயிறு தவிர, முயல் மட்டும்

லௌத், லிங்கன்ஷைர்
ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதுவது. இங்கே நலம். அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தை நீங்கள் எடுத்து உங்கள் இடுப்புக்குத் தடவிக்கொள்வதாக அம்மா சொன்னாள். நடக்கட்டும்.

நான் துப்பாக்கியோடு வேலி ஓரம் நிற்கிற போட்டோவை அம்மாவுக்கு மட்டும்தான் அனுப்பினேன். மூன்றே நாளில் அது கடையம் டீக்கடை வரை போய்விட்டதாமே! நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன் என்று ஒருவர் சொல்கிறாராம். ஆஸ்பத்திரிச் சம்பளம் போதாமல் ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்க்கிறேன் என்று இன்னொருவர். நீங்கள் ஒருத்தர்தான் விஷயத்துக்கு வந்தீர்கள்: "ஏலே, லைசென்சுக்கு எவ்வளவு கொடுத்தே?"

ஒரு பைசா கொடுக்கவில்லை மாமா. அது காற்றுத் துப்பாக்கி. ஆற்றல் 12 அடி-பவுண்டுக்கு மேல் போகாத காற்றுத் துப்பாக்கிக்கு இங்கிலாந்தில் லைசென்ஸே கிடையாது. பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், கடைக்கு நேரில் போய் வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்காட்லாந்தில் மட்டும் 2016 டிசம்பர் 31 முதல் இதற்கும் போலீஸ் சான்றிதழ் வேண்டும். நான் எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பதால் பிழைத்தேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் நீங்கள் இரட்டைக்குழலைச் சாக்கில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பீர்களே, அது ஞாபகம் வந்தது. நான் மிக்ஸி வாங்குகிற மாதிரி வாங்கினேன். மழை வரும்போல இருக்கிறது என்றார் கடைக்காரர். வேறொன்றும் கேட்கவில்லை.

வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் கதையே. சுட இடம் இல்லை.

அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு அடுத்தவர் நிலத்தில் கால் வைத்தால் இங்கே குற்றம். குண்டு போடாமல் சும்மா தோளில் மாட்டியிருந்தாலும் குற்றம்தான். என் வாடகை வீட்டுப் பின்பக்கம் நாலு கட்டில் போடும் அளவு. அங்கிருந்து சுட்டு, குண்டு வேலியைத் தாண்டினால் அதுவும் குற்றம். ஆக, நிலத்துக்காரர் யாராவது "சரி, வந்து சுடு" என்று வாயால் சொல்லி, முடிந்தால் காகிதத்திலும் எழுதித் தர வேண்டும். இதற்குப் பெயர் 'பெர்மிஷன்'. "எனக்கு ரெண்டு பெர்மிஷன் இருக்கு" என்று இவர்கள் சொல்லும் தோரணையைப் பார்க்க வேண்டுமே, நம்ம ஊரில் ஆற்றுப்பாசனத்தில் ரெண்டு வயல் இருக்கிறவர்கூட அப்படிச் சொல்ல மாட்டார்.

உனக்கெதற்குடா இந்த வேலை என்பீர்கள். முட்டைக்கோஸ்தான் காரணம். ஊர்ச் சபையிடம் நாலு பாத்தி நிலம் வாடகைக்கு எடுத்து முட்டைக்கோஸ் போட்டிருந்தேன். நம்ம ஊர்ப் புறாவைப்போல ஒன்றரை மடங்கு இருக்கிற மரப்புறாக்கள் மேலே இருந்து தின்றன, முயல்கள் கீழே இருந்து தின்றன. நடுவில் எனக்கு மிஞ்சியது தண்டு. வார்டில் புலம்பினேன். எங்கள் போர்ட்டர், ரிட்டயர் ஆகப்போகிற மனிதர், சொன்னார்: "தோட்டத்தில் சுட விடமாட்டார்கள். வயல்காரர்களைப் போய்க் கேள். முயல் இல்லாத வயல் இந்த ஊரில் கிடையாது." உண்டிவில்லால் உங்கள் மாமரத்து அணிலைக் குறிபார்த்து மாட்டுக்கொட்டகை ஓட்டை உடைத்தவன் அல்லவா நான். ஆசை வந்துவிட்டது.

நான் இருப்பது வோல்ட்ஸ் என்கிற மேட்டுப் பகுதி. இவர்கள் மலை என்கிறார்கள். மொத்த வோல்ட்ஸிலும் உயரமான இடம் 168 மீட்டர். நம்ம தோரணமலை முருகன் பார்த்தால் இதற்கெல்லாம் படிக்கட்டே வேண்டாம் என்று சொல்லியிருப்பார். ஆனால் விளைச்சல் நிலம். கோதுமை, பார்லி, எண்ணெய்க்காகப் போடும் மஞ்சள் பூக் கடுகு, நடுநடுவே ஆட்டுப் பட்டிகள்.

போன நவம்பரில், லீவு நாளாகப் பார்த்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் பண்ணைக்குப் போனேன். ஒரு பெரியவர் நாலு சக்கர பைக்கில் வந்து நின்றார். என்னைப் பார்த்து, "நௌ தென்" என்றார். அதாவது, 'சரி, இப்போ என்ன?' நான் பயந்துபோய் என் பெயர், வேலை, படிப்பு, விசா, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் அசையாமல் கேட்டுவிட்டு, என் காரின் பின்பக்கம் போய் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தார். "வேண்டாம்" என்றார். போய்விட்டார்.

மறுநாள் போர்ட்டர் சிரித்த சிரிப்பில் ஸ்ட்ரெச்சர் ஆடியது. 'நௌ தென்' என்றால் லிங்கன்ஷைரில் வணக்கம் என்று அர்த்தமாம். பதிலுக்கு நானும் 'நௌ தென்' சொல்லியிருக்க வேண்டும். வணக்கம் சொன்னவரிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நம்பர் பிளேட்டுக்கும் காரணம் இருந்தது. அறுவடை முடிந்து வயல் வெறிச்சிட்டதும், வெளியூர்க் கும்பல்கள் வேட்டைநாய்களோடு காரில் வந்து, குழிமுயலைவிடப் பெரிய வயல்முயலை விரட்டவிட்டு, எந்த நாய் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டுவார்கள். 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்தும் நிற்கவில்லை. முளைத்த பயிர்மேல் வண்டி ஓட்டுவது, தட்டிக் கேட்ட விவசாயியை மிரட்டுவது எல்லாம் உண்டு. இவர்களைப் பிடிக்கவே லிங்கன்ஷைர் போலீஸ் 'ஆபரேஷன் கலிலியோ' என்று தனி நடவடிக்கை வைத்திருக்கிறது. இந்த நிலவரத்தில், நவம்பர் மாதம், முன்பின் தெரியாத ஒருவன் வந்து "உங்கள் வயலில் முயல் இருக்கிறதா?" என்று கேட்டால்? நம்ம தோப்புக்கு யாராவது வந்து "ராத்திரி மோட்டார் ரூமில் ஆள் படுப்பாங்களா?" என்று கேட்ட மாதிரிதான். என் நிறமும் ஒரு காரணமோ என்று கேட்டேன். பக்கத்து மாவட்டத்து வெள்ளைக்காரனுக்கும் இதே மரியாதைதான் என்றார் போர்ட்டர். பாதி நம்பினேன்.

அதற்குப் பிறகு பதினாலு பண்ணை ஏறி இறங்கினேன். எங்கே போனாலும் ஒரே பதில்: "எங்களுக்கு ஒரு பையன் இருக்கான், அவனே சுடுறான்." ஒரு இடத்தில் அந்தப் பையனையே பார்த்தேன். வயது எழுபத்தொன்று. காது கேட்கும் மெஷின் போட்டிருந்தான். ஒரு வீட்டு அம்மா அன்பாகக் கதவைத் திறந்து, "என்ன வேணும், வாத்து?" என்றார். இந்தப் பக்கத்தில் பிரியமாகக் கூப்பிடும் சொல் அது, நம்ம 'ராசா' மாதிரி. மனிதனை வாத்து என்று கூப்பிடுகிற ஊரில் துப்பாக்கி எடுத்துத் திரிவது சரிதானா என்று அன்றைக்குக் கொஞ்சம் யோசித்தேன்.

அடுத்த பண்ணையில் ஒருவர் உடனே சரி என்றுவிட்டார்! வீடு வரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். ராத்திரி போன் செய்தார்: நிலம் அவருடையது அல்லவாம், குத்தகைதானாம். சுடும் உரிமையோ ஃபெசன்ட் கோழி வேட்டைக்காக வேறு ஒரு கும்பலிடம் இருக்கிறதாம். வெளிநாட்டில் புரியாத விஷயங்களில் இது ஒன்றுதான் மாமா எனக்கு உடனே புரிந்தது. நம்ம ஊரில் குளம் பொதுவுக்கு, மீன் குத்தகைக்காரருக்கு, கரையில் நிற்கிற புளி ஏலம் எடுத்தவருக்கு இல்லையா? ஆனாலும் 1880-ல் வந்த ஒரு சட்டம் குத்தகைக்காரரின் கையைக் கட்டவில்லை. நிலத்தின் சொந்தக்காரர் என்ன எழுதி வைத்தாலும், தன் பயிரைத் தின்கிற முயலைப் பிடிக்கும் உரிமை உழுகிறவருக்கு உண்டு. தான் தவிர இன்னும் ஒரே ஒருவருக்குத் துப்பாக்கி எடுக்க எழுதியும் கொடுக்கலாம். "அப்படியானால் எனக்கு எழுதிக் கொடுங்கள்" என்றேன். "அந்த ஒருத்தன் என் மச்சினன்" என்றார். உலகம் முழுக்க மச்சினன்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி முயலைக் கட்டுப்படுத்துவது நிலத்தை வைத்திருப்பவரின் கடமை. லண்டனின் நடுவில் இருக்கும் பழைய 'சிட்டி'ப் பகுதி, கடலுக்குள் கிடக்கிற சில்லித் தீவுகள், ஸ்காக்ஹோம் என்று ஒரு குட்டித் தீவு, இவை தவிர இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க அந்தச் சட்டப்படி போட்ட உத்தரவு செல்லும். ஏழெட்டு முயல் சேர்ந்தால் ஒரு ஆட்டின் மேய்ச்சலைத் தின்றுவிடும் என்பது இங்கத்து விவசாயிகள் கணக்கு. கடமை அவருடையது, நஷ்டம் அவருடையது, கூலியில்லாமல் செய்து தருகிறேன் என்று வாசலில் நிற்பவன் நான். கெஞ்சுவதும் நான்தான்.

புறாவைச் சுடலாமே என்பீர்கள். அதற்கு ஜிஎல்42 என்று ஒரு பொது அனுமதி இருக்கிறது. விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை, ஆனால் அதன் நிபந்தனைகளைப் படித்து அதன்படி நடக்க வேண்டும். விரட்டிப் பார்த்தும் போகாமல் பயிருக்குப் பெரும் சேதம் என்றால்தான் துப்பாக்கி. 2019 ஏப்ரலில், இதற்கு முன்பு இருந்த அனுமதிகளை எதிர்த்துக் காட்டுயிர் ஆர்வலர்கள் சட்டப்படி கேள்வி கேட்க, அரசு அமைப்பு அவற்றைத் திடீரென்று வாபஸ் வாங்கிவிட்டது. விதைப்பு நேரம். புறாக்களுக்கு அந்த வாரம் தீபாவளி என்று போர்ட்டர் சொல்வார். அவர் சொன்னது கிறிஸ்துமஸ், நான் மாற்றிக்கொண்டேன்.

குளிர்காலம் போயிற்று. துப்பாக்கி அலமாரியில் பூட்டியபடியே இருந்தது. நானும் விட்டுவிட்டேன்.

மே மாதம் ஒரு விடியற்காலை, நைட் டூட்டி முடித்து மேட்டு ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டையாடு மல்லாந்து, நாலு காலும் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. வெயில் காய்கிறது போலும் என்று நினைத்துக் கொஞ்ச தூரம் வந்தும்விட்டேன். அப்புறம்தான் போர்ட்டர் சொன்னது ஞாபகம் வந்தது. இந்த ஊர் ஆட்டுக்கு முடி வெட்டுகிற காலத்துக்கு முன்னால் கம்பளி மெத்தை மாதிரி கனத்திருக்கும். முதுகும் தட்டை. புரண்டு விழுந்தால் தானாக எழ முடியாது. வயிற்றில் வாயு ஏறிச் சில மணி நேரத்தில் செத்துவிடும். அதற்குள் காக்கை வந்து கண்ணைக் கொத்தும்.

வண்டியை நிறுத்தி, கேட்டை ஏறிக் குதித்தேன். மாமா, ஆடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தும் எனக்கு ஆட்டைப் புரட்டத் தெரியாது. ஆனால் பக்கவாத நோயாளியைப் புரட்டத் தெரியும். படுக்கைப்புண் வராமலிருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைத்தானே செய்கிறேன். தோள்பட்டையில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தமிழில் எண்ணி ஒரே தள்ளு. எழுந்துவிட்டது. உடனே விட்டால் தள்ளாடி மறுபடி விழும் என்று என் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றேன். நன்றிக்கு என் யூனிஃபார்ம் மேலேயே மூத்திரம் பெய்தது. இதுவும் வார்டில் பழகினதுதான்.

நிமிர்ந்து பார்த்தால் நாலு சக்கர பைக். நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்த அதே பெரியவர்.

"நௌ தென்" என்றார்.

"நௌ தென்" என்றேன்.

ஆட்டைப் பார்த்தார். என் பேண்டைப் பார்த்தார். "நீ அந்த நவம்பர் ஆள்தானே?" என்றார். சட்டைப் பையிலிருந்து தீவன பில் ஒன்றை எடுத்து, பைக் சீட்டில் வைத்து அதன் முதுகில் எழுதினார். தானியக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் ரெண்டு வயல். முயல் மட்டும், புறா கூடாது, அதற்கு ஒரு பையன் இருக்கிறான். வருமுன் போன் செய். திறந்திருக்கும் கேட்டைத் திறந்தபடி விடு, மூடியிருப்பதை மூடு. ஞாயிறு கிடையாது. கையெழுத்து. ஆறு மாதம் நான் தேடியது அரை நிமிஷத்தில் எழுதி முடிந்துவிட்டது. அந்தக் காகிதத்தை நான் எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள். ஆமாம், சாமி படத்துக்குப் பின்னால்தான்.

இனி வேட்டைப் பிரதாபம். ஐந்து வாரம், ரெண்டு முயல். இந்தத் துப்பாக்கிக்கு முயல் முப்பது கஜத்துக்குள் இருக்க வேண்டும், குறி தலையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சுடாமல் இருப்பதுதான் மரியாதை. ஊர்ந்து போவதற்குள் அது ரெண்டு தலைமுறை பெருகிவிடுகிறது. முதல் நாள் ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தேன். படுத்திருந்தது நம்ம செந்தட்டிக்கு அண்ணன் மாதிரி ஒரு செடியின் மேல் என்று அப்புறம்தான் தெரிந்தது. நீங்கள் பார்த்த போட்டோ அன்றைக்கு எடுத்ததுதான். முகத்தில் தெரிவது வீரமில்லை, அரிப்பு.

முதல் முயலைப் பெரியவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்பது தாண்டிய அவர் அம்மா, பார்க்கவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். 1953-ல் கெண்ட் பக்கம் முதலில் தெரிந்த மிக்சோமடோசிஸ் நோய், ரெண்டு மூன்று வருஷத்தில் இந்த நாட்டு முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழித்துவிட்டது. சின்ன வயதில் அவர், கண் வீங்கிக் குருடாகி ரோட்டில் உட்கார்ந்திருந்த முயல்களைப் பார்த்தவராம். அதிலிருந்து தொடுவதில்லை. முயல் என் வீட்டுக்கே திரும்பி வந்து, மிளகு அரைத்த குழம்பாயிற்று. கிழவிக்கோ ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வந்தேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். இப்போது நான் போனாலே அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நாலைந்து பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையலறையில் காத்திருக்கிறார்கள். அதில் மூன்று பேர் குளிர்காலத்தில் என்னைத் திருப்பி அனுப்பியவர்கள்.

அப்புறம், நம்ம கடலைக் காட்டுப் பன்றிக்கு நான் வந்து ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தத் துப்பாக்கியால் சுட்டால் பன்றிக்குக் கோபம்தான் வரும். 2025 ஜனவரியில் நம்ம அரசு அறிவித்ததும் தெரியும்தானே? காப்புக்காட்டுக்கு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியை வனத்துறை சுடலாம், ஒரு கிலோமீட்டருக்குள் கூடாது. உங்கள் காட்டிலிருந்து கல் எறிந்தால் காப்புக்காட்டில் விழும். ஆகவே தகர டப்பா தட்டி விரட்டுவதுதான் வழி. மயிலைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லி அடுத்த பார்சலில் கொஞ்சம் மிளகும்

மன்னிக்கவும், போன் வந்தது. பெரியவர். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாரே, தடையை நீக்கிவிட்டார் போல என்று துப்பாக்கிப் பையைத் தேடினேன். ஆடு மறுபடி மல்லாந்துவிட்டதாம். பைக் ஸ்டார்ட் ஆகவில்லை, இடுப்பும் பிடித்துக்கொண்டது, நீ வா, துப்பாக்கி வேண்டாம் என்கிறார்.

பழைய பேண்டைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்