மேஜர் பிள்ளை

தோளுக்கு மிஞ்சினால் தோழனாம். சொன்னவர் வீட்டில் 26 வயதுப் பிள்ளை இல்லை போலும். தோழன் என்றால் கூப்பிட்டால் திரும்பியாவது பார்ப்பான். இவன் காதில் ஹெட்போன். பகல் பன்னிரண்டுக்கு எழுந்துவந்து, “என்னம்மா டிபன்?” என்பான். “வேலை விஷயம் என்னப்பா ஆச்சு?” என்றால் அறைக்கதவு படார்! அம்மாவுக்கு பி.பி. மாத்திரை, அப்பாவுக்கு மொட்டைமாடி நடை. உறவுக்காரர் விசாரித்தால், “குரூப் டூவுக்குப் படிக்கிறான்.”

18 வயதானால் மேஜர் என்கிறது 1875ஆம் ஆண்டுச் சட்டம். பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்கவும் 2007இல் ஒரு சட்டம் வந்தது. பிள்ளையைச் சமாளிக்கும் பெற்றோருக்குத்தான் எதுவும் வரவில்லை.

ஆகவே பெற்றோரே, சாதத்தை மூடி வைத்துவிட்டு நேரத்துக்குத் தூங்குங்கள். மிச்சக் கோபத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அவன் எங்கேயும் போய்விடப் போவதில்லை.