போற்றுதலுக்குரிய பெரியவர்களே

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் அன்றைக்கு நம் ஊரில் எந்தப் பிள்ளையும் தனியாக விடப்படுவதில்லை. அதற்காகவே நம்மை முதலில் போற்ற வேண்டும். சித்தப்பா போன் செய்கிறார். அத்தை நேரிலேயே வந்துவிடுகிறார். தெருமுனைக் கடைக்காரர்கூட மொத்தம் எவ்வளவு, கட்-ஆஃப் எவ்வளவு என்று விசாரிக்கிறார். "கால்நடை மருத்துவம் படிக்கணும் மாமா" என்று அந்தப் பிள்ளை சொன்னால் பேச்சு சற்று நிற்கிறது. பிறகு பெரியவர் ஒருவர் தோளைத் தட்டி, "கவலைப்படாதே கண்ணு, நீட் இன்னொரு தடவை எழுதலாம்" என்கிறார்.

ஆறுதல் கேட்காத பிள்ளைக்கும் ஆறுதல் சொல்லும் மனது நம்முடையது. அந்தப் பிள்ளை எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் இந்தப் பக்கம் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே இதைத்தான் விரும்பியது. ஆனாலும் அது எதையோ இழந்துவிட்டதாக நினைத்து நாம் வருந்துகிறோம். பத்துப் பேர் அப்படி வருந்திய பிறகு பிள்ளைக்கும் சந்தேகம் வந்துவிடுகிறது. காலையில் உறுதியாக இருந்த பதினேழு வயது, மாலையில் அம்மாவிடம் "நான் தப்பா முடிவு பண்ணிட்டேனா?" என்று கேட்கிறது. ஒரே நாளில் இதைச் செய்து முடிக்க நம் பாசத்தால் மட்டுமே முடியும்.

உயிர்களிடம் நாம் காட்டும் அன்பையும் சொல்லியாக வேண்டும். மாட்டுப் பொங்கலன்று கொம்பு சீவி, வர்ணம் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, மனிதர் உண்ணும் முன்னே மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுகிறோம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினா கடற்கரையில் இளைஞர்கள் இரவு பகலாகக் கூடி நின்றதை நாடே பார்த்தது. காங்கேயம், புலிக்குளம், உம்பளச்சேரி, பர்கூர், ஆலம்பாடி என்று நாட்டு மாட்டினங்களின் பெயர்கள் நகரத்துப் பிள்ளைகளின் வாயிலும் அன்றைக்குப் புழங்கின. அந்த எழுச்சி பொய்யில்லை; அதில் இருந்த ஈரமும் பொய்யில்லை.

அதே காங்கேயம் காளைக்குக் கோமாரி வந்து, வாயில் புண்ணாகி, குளம்பு வெடித்துத் தீனி எடுக்காமல் நின்றால், அதன் வாயைத் திறந்து பார்க்க ஒருவர் வர வேண்டும். அந்த ஒருவராக நம் வீட்டுப் பிள்ளை ஆகிறேன் என்று சொல்லும்போதுதான் நமக்குக் கௌரவம் நினைவுக்கு வருகிறது. காளைக்காகக் கடற்கரையில் நிற்பது வீரம், காளையின் தொழுவத்தில் நிற்பது நம் குடும்பத்துக்கு ஏற்றதல்ல என்று பிரித்துப் பார்க்கும் தெளிவும் நம்மிடம் இருக்கிறது.

பெண் பிள்ளைகள் மேல் நாம் கொண்டிருக்கும் கரிசனத்துக்கோ அளவே இல்லை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா மாட்டு வாலைப் பிடிக்கிற வேலை?" என்று அப்பத்தா கேட்கிறார். கேட்கும் அப்பத்தா ஆயுள் முழுக்க விடிவதற்கு முன்னே எழுந்து சாணி அள்ளியவர். அவர் மருமகள் இன்றைக்கும் அதே இருட்டில் எழுந்து, மடி கழுவி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வருகிறார். மாடு சினைக்கு வந்ததை முதலில் கண்டுபிடிப்பதும், கன்று போடும் இரவில் லாந்தரோடு விழித்திருப்பதும் அந்த வீட்டுப் பெண்கள்தான். சம்பளமும் பட்டமும் இல்லாமல் இந்த வேலையைச் செய்தவரைக்கும் அது பெண்ணுக்கு ஏற்ற வேலையாகவே இருந்தது. பட்டம் வாங்கி, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டு செய்கிறேன் என்று பேத்தி சொன்ன பிறகுதான் அது கடினமான வேலை என்று நமக்குத் தெரிகிறது.

நாம் நல்ல வாசகர்களும்கூட. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையைப் படித்துக் கண் கலங்காதவர்கள் குறைவு. முதுமலைக் காடுகளில் யானைகளுக்காகவே வாழ்ந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை வைத்து எழுதப்பட்ட கதை அது. படித்து முடித்து, நாலு பேருக்கு அனுப்பி, "மனுஷன்னா இவர்தான்" என்று மனதாரச் சொல்கிறோம். அந்த வியப்பு உண்மையானது. ஆனால் அடுத்த அறையில் அந்த மனிதரைப் போல ஆக வேண்டும் என்று ஒரு பெண் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் கதையைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிறர் வீட்டில் பிறந்த தியாகத்தைப் போற்றுவதில் நமக்கு இணை இல்லை.

நம் பள்ளிகளின் அக்கறையையும் விட்டுவிட முடியாது. வாசலில் வைக்கும் ஃப்ளெக்ஸில் மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களின் படங்களை முகம் தெரியும் அளவுக்குப் பெரிதாகப் போடுகிறார்கள். இரண்டு வருடமும் நீட், ஜே.இ.இ. என்று ஓயாமல் நினைவூட்டுகிறார்கள். மாணவர்களின் நேரம் வீணாகக் கூடாது என்பதால் சில செய்திகளைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில ஒதுக்கீட்டு இடங்களை நீட் மதிப்பெண் பார்த்து நிரப்புவதில்லை. பிளஸ் டூவில் எடுத்த உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை 200க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறது. அகில இந்திய ஒதுக்கீடாகப் போகும் 15 விழுக்காடு இடங்களுக்குத்தான் நீட் வேண்டும். இதற்கான விண்ணப்பம் தனி, பொறியியலுக்கோ எம்.பி.பி.எஸ்.சுக்கோ போட்டது இதற்குச் செல்லாது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு.

இந்த நான்கு செய்திகளும் ஒரு கரும்பலகையில் அடங்கும். எழுதிப் போட ஐந்து நிமிடம் போதும். நீட் தேர்வில் மனம் உடைந்து, இனி எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று அழும் பிள்ளைக்கு, திறந்திருக்கும் கதவு ஒன்று இருப்பதைச் சொல்லாமல் காப்பது லேசான கட்டுப்பாடா?

வீட்டுப் பெரியவர்களின் முன்யோசனையும் வணங்கத் தக்கது. இடம் கிடைத்ததும் "சேர்ந்து வை. எம்.பி.பி.எஸ். வந்தா விட்டுட்டுப் போயிடலாம்" என்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு இடமும் பத்திரமாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். அந்த இடத்துக்கு அடுத்த வரிசையில் அரை மதிப்பெண்ணில் நிற்கும் இன்னொரு பிள்ளைக்கு ஆடும் மாடும்தான் உலகம் என்பது நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியமும் நமக்கு வந்ததில்லை. அந்தப் பிள்ளை மனம் வெறுத்து வேறு படிப்பில் சேர்ந்த பிறகு இந்த இடம் காலியாகும். நாம் நம் பிள்ளைக்குத்தானே பொறுப்பு.

அரசுகளின் பொறுமைக்கும் ஒரு வணக்கம். வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. இரண்டாவது கல்லூரி நாமக்கல்லில் வந்தது 1985இல். ஆங்கிலேயர் ஆட்சி போய், குடியரசாகி, பசுமைப் புரட்சியும் வெண்மைப் புரட்சியும் நடந்து, ஊர் தோறும் கறவை மாடு பெருகி, எண்பது வருடங்களுக்கு மேல் ஒரே கல்லூரி மொத்த மாநிலத்தின் பாரத்தையும் சுமந்தது. பிறகு 1989இல் தனிப் பல்கலைக்கழகம் வந்தது. திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய ஊர்களின் கல்லூரிகள் எல்லாம் இந்த நூற்றாண்டில்தான் வந்தன. வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வருடா வருடம் சில நூறு இடங்களுக்குப் பல ஆயிரம் விண்ணப்பங்கள் குவிவதற்கும், தரவரிசைப் பட்டியலில் தன் பெயரைத் தேடும் பிள்ளையின் கை நடுங்குவதற்கும் அந்த நீண்ட பொறுமைக்கும் தொடர்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"எம்.பி.பி.எஸ். அளவுக்குக் கஷ்டம் இல்லப்பா" என்று தைரியம் சொல்பவர்களையும் நான் மதிக்கிறேன். பிள்ளையின் பயத்தைக் குறைக்கத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இது ஐந்தரை வருடப் படிப்பு. மனித மருத்துவம் ஓர் உயிரினத்தின் உடலைப் படிக்கிறது. இங்கே மாடு, ஆடு, குதிரை, நாய், பன்றி, கோழி என்று ஒவ்வொன்றின் எலும்பும் வயிறும் நோயும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். மாட்டுக்கு வயிற்றில் நான்கு அறைகள், குதிரைக்கு ஒன்றுதான். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகலாம். எங்கே வலிக்கிறது என்று எந்த நோயாளியும் சொல்லாது. சில நோயாளிகள் உதைக்கும், சில கடிக்கும். சினை பார்க்கத் தோள் வரைக்கும் கையை உள்ளே விட வேண்டும். குறுக்கே திரும்பிய கன்றை நள்ளிரவில் ஈரத் தரையில் படுத்துத் திருப்பி எடுக்க வேண்டும். இதைச் சுலபம் என்று சொல்லும் வாய்க்கு உண்மையிலேயே பெரிய தைரியம் வேண்டும்.

மறப்பதிலும் நாம் வல்லவர்கள். நூற்றாண்டுகளாக மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்று, உழவர் வீடுகளைப் பட்டினியில் தள்ளிய வெக்கை நோய் இன்றைக்கு உலகில் இல்லை. 2011இல் அது அடியோடு ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர்கள் பூமியிலிருந்தே துடைத்தெறிந்த இரண்டாவது நோய் அது. ஊர் ஊராக நடந்து தடுப்பூசி போட்டவர்களில் கால்நடை மருத்துவர்களும் ஆய்வாளர்களும் முன்னால் நின்றார்கள். பெரியம்மை ஒழிந்தது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வெக்கை ஒழிந்தது பல பட்டதாரிகளுக்கும் தெரியாது.

காலையில் குடிக்கும் பால், பள்ளிச் சத்துணவில் வைக்கும் நாமக்கல் முட்டை, ஞாயிற்றுக்கிழமை வாங்கும் கறி எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கால்நடை மருத்துவரின் கண் இருக்கிறது. வெறிநாய்க்கடியால் மனிதர் சாவதைத் தடுக்க நாய்க்கு ஊசி போட்டாக வேண்டும். பறவைக் காய்ச்சல் பண்ணையைத் தாண்டாமல் இருக்கப் பண்ணையிலேயே அதைக் கண்டுபிடித்தாக வேண்டும். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு, வாங்கியது தெரியாமல் வாழ நமக்குக் கைவந்திருக்கிறது.

தம்பி, தங்கை, உங்களிடம் நேராகவே சொல்கிறேன். இந்தப் படிப்பு எந்தப் படிப்புக்கும் இரண்டாம் இடம் இல்லை. ஆனால் கவர்ச்சியை மட்டும் நம்பி வராதீர்கள். விடுமுறையில் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போய், மருத்துவரிடம் அனுமதி கேட்டு அங்கே நடப்பதைப் பாருங்கள். ரத்தமும் சாணமும் சாவும் பார்த்த பிறகும் மறுநாள் போக மனம் வந்தால் துணிந்து விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழக அறிவிப்பை நீங்களே படியுங்கள். தேதியை வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் அது உங்கள் தகுதிக்கான தீர்ப்பு அல்ல. இருக்கும் இடங்கள் குறைவு என்பதுதான் காரணம். உணவுத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம் என்று அதே பல்கலைக்கழகத்தில் பி.டெக். படிப்புகள் உண்டு, அவற்றையும் பாருங்கள்.

பெரியவர்களே, இதுவரை உங்களைப் புகழ்ந்ததில் நான் சொன்ன அன்பு ஒன்றும் பொய்யில்லை. அந்த அன்பு பிள்ளையின் கையைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறது என்பதுதான் என் குற்றச்சாட்டு. அதே கையால் முன்னே தள்ளிவிட உங்களால் முடியும். விண்ணப்பம் நிரப்பும் நாளில் பக்கத்தில் உட்காருங்கள். சாதிச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் வாங்க இ-சேவை மையத்துக்கு நீங்கள் ஒரு நடை போய் வாருங்கள். பயந்து நிற்கும் இந்தப் பிள்ளைகளுக்கு உங்களிடமிருந்து இப்போது வேண்டியது அவ்வளவுதான்.