பெட்டி நின்னா போதுமா, ஓட வேணாமா?

வாடா பேராண்டி, உக்காரு. அட்டையை வெட்டி, நீலம் பூசி, ஜன்னலுக்குக் கம்பிகூட வரைஞ்சிருக்கே. அசல் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டிதான், ஒத்துக்கிறேன். உள்ளே ஆள் இல்லாததுதான் குறை. இருந்திருந்தா மொத வளைவுலயே குதிச்சுத் தப்பிச்சிருப்பான்.

அடியில நாலு நாலு சக்கரமா ரெண்டு போகி இருக்கே, அதை ஃபெவிக்விக் போட்டு ஒட்டிட்டியாமே? பலே! உன் தண்டவாளம் நேரா டெல்லிக்குப் போகுதுன்னா சரி. கூடத்துல வட்டமா ஓட்டுறவனுக்குப் போகி திரும்பணும்டா.

சுரண்டி எடு. அடிப்பக்கம் நடுக்கோடு கிழி. அசல் பெட்டியில ஒரு போகியோட நடுவுக்கும் இன்னொண்ணோட நடுவுக்கும் 14.783 மீட்டர். உன்னோடது எச்ஓ அளவு, அசல்ல 87-ல ஒரு பங்கு. அப்போ 170 மில்லிமீட்டர் தள்ளி ரெண்டு புள்ளி வை. வெறும் அட்டையில திருகாணி நிக்காது. உள்பக்கமா மரத்துண்டு ஒட்டித் துளை போடு. உன் ஃபெவிக்விக்குக்கு வேலை அங்கதான். போகியை அந்தத் துளையில திருகாணியால மாட்டு; போகிக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு வாஷர்.

ரெண்டு திருகையும் ஒரே மாதிரி முறுக்கிட்டு வந்து நிக்காதே. ஒரு போகி இடம் வலம் திரும்பினா போதும், பக்கவாட்டுல சாயக் கூடாது. இன்னொண்ணு எல்லாப் பக்கமும் கொஞ்சம் ஆடணும். அப்பதான் மேடு பள்ளத்துல எட்டுச் சக்கரமும் தண்டவாளத்தை விடாது. இந்த வீட்டுலயும் அதே ஏற்பாடுதான்: உங்க பாட்டி இறுக்கம், நான் ஆட்டம். குடும்பம் இன்னும் தடம் புரளல.

ஒரு வேடிக்கை கேளு. அசல் ஐசிஎஃப் போகியில, உன் திருகாணி இருக்கிற இடத்துல நிக்கிற நடு முளை எடையே தாங்காது. ஓரத்துல இருக்கிற சைடு பேரர் ரெண்டுதான் பெட்டியைச் சுமக்கும்; முளைக்கு இழுக்கிற வேலையும் பிரேக் விசையைத் தாங்குற வேலையும் மட்டும். நடுவுல நிக்கிறவனுக்குப் பேரு, ஓரத்துல நிக்கிறவனுக்குப் பாரம்! உன் பொம்மையில அந்த அநியாயம் வேணாம், முளையே சுமக்கட்டும்.

அட்டைப் பெட்டி காத்துக்கே கவுந்துடும். அமெரிக்க மாடல் ரயில்காரங்க சங்கம் எச்ஓவுக்கு ஒரு எடைக் கணக்கு வச்சிருக்கு: 28 கிராம், அதோட அங்குலத்துக்கு 14 கிராம். உன் 245 மில்லிமீட்டர் பெட்டிக்கு 165 கிராம் பக்கம் வரும். பழைய நட்டுகளைத் தரையில ஒட்டு. கூரையில ஒட்டிட்டு என்கிட்ட வராதே.

உன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர், நம்ம அகலப் பாதைக்குக் கணக்குப்படி 19-ஐத் தாண்டணும். விடு, பார்க்க வர்றவன் ஸ்கேலோட வரமாட்டான். வந்தான்னா அவனுக்குக் காப்பி கொடுக்காதே.

இப்ப போய், பெட்டியைக் கண்ணாடி மேல வச்சு எட்டுச் சக்கரமும் தொடுதான்னு பாரு. ஒண்ணு தூக்கி நின்னாலும் திருகைத் தளர்த்து, பசை டப்பாவைத் தொடாதே.