மாமனார் வயர், மாப்பிள்ளை வைஃபை

இடம்: சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ராத்திரிச் சாப்பாடு முடிந்த நேரம்.

மாமனார்: தொலைபேசி கேபிள் ஜாயின்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பூமிக்கடியில் போகாத எதையும் நம்பாதவர்.

மாப்பிள்ளை: ஐ.டி. கம்பெனிக்காரர். வீட்டில் வயர் கண்ணுக்குத் தெரிந்தால் மானம் போனதாக நினைப்பவர்.

மாப்பிள்ளை: (கன்ட்ரோலரை சோபாவில் எறிந்து) போச்சு! ஜெயிக்க வேண்டிய ரவுண்டு. லேக்!

மாமனார்: யாரு மாப்பிள்ளை அந்த லேக்? நேத்தும் அவர்தானே உங்களைத் தோற்கடிச்சார்?

மாப்பிள்ளை: ஆள் இல்லை மாமா. நான் விடற குத்து எதிராளிகிட்ட போய்ச் சேர லேட்டாகுது. அதுக்குள்ள அவன் என்னைக் குத்திடறான்.

மாமனார்: நெட்டுல ஸ்பீடு கம்மியோ?

மாப்பிள்ளை: 300 எம்பிபிஎஸ் பிளான் மாமா! இதோ போன்ல ஸ்பீடு டெஸ்ட், நீங்களே பாருங்க.

மாமனார்: டெஸ்ட் எடுத்தது ஹால்ல, ரவுட்டர் பக்கத்துல நின்னு. ஆடறது இந்தச் சின்ன ரூம்ல. நடுவுல ரெண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. பீரோ கதவுல ஆளுயரக் கண்ணாடி வேற.

மாப்பிள்ளை: அது கல்யாணத்துக்கு நீங்க வாங்கிக் கொடுத்த பீரோ.

மாமனார்: ஆக, லேக்குக்கும் நான்தான் காரணம். சரி, ஆடும்போது நெட்டு எவ்வளவு செலவாகும்?

மாப்பிள்ளை: ஆட்டத்துக்கு மட்டும்னா ஒரு எம்பிபிஎஸ்கூட ஆகாது. 100 ஜிபி கேம் டவுன்லோடு பண்ணும்போதுதான் ஸ்பீடு வேணும்.

மாமனார்: அப்போ 300ல 299 சும்மா உக்காந்திருக்கு. வேலை செய்ய வேண்டிய அந்த ஒண்ணு நேரத்துக்கு வரலை. அதுக்கு நீங்க 500 பிளானுக்கு மாறப்போறதா என் பொண்ணு சொன்னா.

மாப்பிள்ளை: பிளான் மட்டும் இல்லை மாமா. எட்டுக் கொம்பு வெச்ச கேமிங் ரவுட்டர் ஒண்ணு பார்த்திருக்கேன். 15,000 ரூபாய்தான்.

மாமனார்: கொம்பு எத்தனை இருந்தா என்ன? வைஃபைல ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். தெருக்குழாய்ல குடம் வெச்ச மாதிரி வரிசைதான். உங்க டிவி, லேப்டாப், நாலு போன், வாசல் கேமரா எல்லாம் முன்னாடி நிக்குது. போதாததுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11னு மூணுதான். இந்த பிளாக்ல எத்தனை வீடு?

மாப்பிள்ளை: அதுக்குத்தான் 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கே!

மாமனார்: இருக்கு. ரெண்டாவது சுவரைத் தாண்டத்தான் அதுக்குத் தெம்பு பத்தலை. அதனால உங்க கேம் பெட்டி தானாவே பழைய 2.4க்கு இறங்கி வந்து உக்காந்திருக்கு.

(சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும் சத்தம்.)

மாமனார்: கேட்டீங்களா? என் பொண்ணு பால் சுட வைக்கிறா. அந்த அடுப்பும் அதே 2.4 பக்கத்துலதான் வேலை செய்யுது. இப்போ ஆடுங்க பார்ப்போம்.

மாப்பிள்ளை: பால் காயற வரைக்கும் பொறுத்துக்கிறேன். இப்போ இருக்கற கேம்லாம் ரொம்ப புத்திசாலி மாமா. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ல ரோல்பேக்னு ஒரு ஏற்பாடு. எதிராளியோட அசைவு வந்து சேரலைன்னா, அவன் என்ன பண்ணியிருப்பான்னு தானே ஊகிச்சுக் காட்டிடும். ஊகம் தப்பாப்போனா கொஞ்சம் பின்னால போய்த் திருத்திக்கும்.

மாமனார்: எவ்வளவு பின்னால?

மாப்பிள்ளை: ஒரு வினாடிக்கு 60 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு 16 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு மூணு ஃபிரேம் தப்பினா கண்ணுக்கே தெரியாது. அதுக்கு மேல போனாத்தான் ஆள் இங்கே நிக்கிறவன் அங்கே முளைப்பான்.

மாமனார்: அப்போ தாமதம்கூட ஒரே சீரா இருந்தா சமாளிக்கலாம். முன்னாடி பின்னாடி ஆடினாத்தான் ஆபத்து. எதிராளி எங்கே இருக்கார்?

மாப்பிள்ளை: எனக்குக் கிடைக்கிறவங்க பெரும்பாலும் சிங்கப்பூர்.

மாமனார்: சென்னையில இருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில கேபிள் கிடக்கு. 3,000 கிலோமீட்டருக்கு மேல. கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் வினாடிக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்ப 30 மில்லிசெகண்ட். அதை யாராலும் குறைக்க முடியாது. அது பாட்டுக்கு ஒழுங்கா, ஒரே நேரத்துல போய் வருது. அங்கேயிருந்து உங்க ஹால் வரைக்கும் வயர்ல வந்து இறங்கினது, ஹால்ல இருந்து இந்த ரூமுக்கு வர ஒரு தடவை 3 எடுத்துக்குது, ஒரு தடவை 80 எடுத்துக்குது. வங்காள விரிகுடாவைத் தாண்டின குத்து என் பீரோவைத் தாண்ட முடியாம நிக்குது, மாப்பிள்ளை!

மாப்பிள்ளை: மாமா, உலகம் வயரை விட்டுப் போயிடுச்சு. 2024 நவம்பர்ல வந்த பிஎஸ்5 ப்ரோவுல வைஃபை 7 இருக்கு.

மாமனார்: வாங்கிட்டீங்களா?

மாப்பிள்ளை: (குரலைத் தாழ்த்தி) அப்போ இந்தியாவுல விற்பனைக்குக் கொண்டு வரலை. அந்த வைஃபைக்கு வேண்டிய 6 கிகாஹெர்ட்ஸுக்கு அனுமதி இல்லாத நாடுகள்ல விற்க முடியாதுன்னு சோனி சொல்லிடுச்சு.

மாமனார்: அந்தப் பெட்டிக்குப் பின்னால லேன் போர்ட் இருக்கா, இல்லையா?

மாப்பிள்ளை: இருக்கு.

மாமனார்: வயர் சொருகற ஓட்டையோட வந்த பெட்டி, காத்துல போறதுக்கு அனுமதி இல்லாம நின்னு போச்சு. பத்து மீட்டர் வயர் இழுக்க எந்த சர்க்காரும் லைசென்ஸ் கேக்கலையே! நிண்டெண்டோக்காரங்க கதையும் இருக்கே, நீங்கதான் ஒருநாள் சொன்னீங்க.

மாப்பிள்ளை: அது... 2017ல வந்த ஸ்விட்சை டிவியோட இணைக்கற டாக்ல லேன் போர்ட் இல்லை. அடாப்டர் தனியா வாங்கணும். 2021ல ஓலெட் மாடலுக்கு டாக்லயே வெச்சுட்டாங்க. 2025ல வந்த ஸ்விட்ச் 2லயும் இருக்கு.

மாமனார்: உலகம் வயரை விட்டுப் போச்சுன்னீங்க. போனவங்க திரும்பி வந்திருக்காங்க.

மாப்பிள்ளை: எல்லாம் சரி மாமா. நீங்க வாட்ஸ்அப்ல தினம் காலையில குட்மார்னிங் அனுப்பறது எதுல? சீரியல் பார்க்கறது எதுல? அதுவும் வைஃபைதான். போனுக்கு வயர் மாட்டிக்கிட்டா வாக்கிங் போறீங்க?

மாமனார்: நான் நடக்கறேன், என் போன் நடக்குது. உங்க பெட்டி நடக்குதா? 4.5 கிலோ. வாங்கி வெச்ச நாள்ல இருந்து தூசி தட்டக்கூட அதை யாரும் நகர்த்தினதில்லை. அதுவும் மூடின டிவி கேபினெட்டுக்குள்ள!

மாப்பிள்ளை: அப்படின்னா இந்தக் கன்ட்ரோலரையும் வயர்ல கட்டணுமா? அதுவும் ப்ளூடூத். அதே 2.4தான்.

மாமனார்: கட்டினா நல்லதுதான். வேணும்னா ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வெச்சு...

மாப்பிள்ளை: மாமா!

மாமனார்: சரி, விடுங்க. கன்ட்ரோலருக்கும் பெட்டிக்கும் ரெண்டு மீட்டர் தூரம், நடுவுல பீரோ இல்லை. ஆனா ரவுட்டருக்குக் கண்டிப்பா வயர். ஹால்ல ரெண்டு டைல்ஸ் மட்டும் பேத்தா போதும்.

மாப்பிள்ளை: டைல்ஸா! போன வருஷம்தான் மாமா இன்டீரியர் பண்ணினோம். ஏசிக்கு, சிம்னிக்கு, ஆர்.ஓ.வுக்கு எல்லாம் சுவருக்குள்ளயே பைப் போட்டாச்சு.

மாமனார்: லேனுக்கு?

மாப்பிள்ளை: டிசைனர் கேக்கலை. நானும் சொல்லலை.

மாமனார்: சீலிங்ல கலர் கலரா லைட்டு எரியறதுக்கு முப்பது இடத்துல ஓட்டை. நெட்டை நம்பி வேலை பார்க்கறவர் வீட்டுல நெட்டுக்கு ஒரு ஓட்டை இல்லை! டைல்ஸைப் பேர்க்க நான் தயார். சர்வீஸ்ல இருந்தப்போ ரோட்டையே தோண்டினவன்.

மாப்பிள்ளை: தோண்டினீங்க. மூடினீங்களா?

மாமனார்: மூடறது வேற இலாகா.

(ஞாயிற்றுக்கிழமை. டைல்ஸ் தப்பியது. சுவரடியில் வெள்ளை நிற பிவிசி கேசிங் பட்டி ஓடுகிறது. அதற்குள் கேட்-6 கேபிள். மாமனார் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, கையில் கிரிம்பிங் டூலோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்.)

மாமனார்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு. வெள்ளை பச்சை, நீலம். வெள்ளை நீலம், பச்சை. வெள்ளை பிரவுன், பிரவுன். ரெண்டு முனையிலயும் இதே வரிசை. நீலமோ பிரவுனோ சரியாப் பிடிக்கலைன்னா கிகாபிட் வராது, 100 எம்பிபிஎஸ்லயே நின்னுடும். அப்புறம் வயர் மேல பழி போடுவீங்க.

மாப்பிள்ளை: கரன்ட் வயர் போற பைப்புலயே இதையும் விட்டிருந்தா வெளியவே தெரிஞ்சிருக்காதே?

மாமனார்: கூடவே கூடாது. கரன்ட் வேற, இது வேற. ரெண்டையும் ஒரே பைப்புல விடறது ஆபத்து. இந்த கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும். உங்க வீட்டுக்குப் பதினஞ்சு மீட்டர். 500 ரூபாய்லதான் கேபிள், கேசிங், கனெக்டர் எல்லாம் முடிஞ்சுது. மிச்சம் 14,500 ரூபாயைப் பொண்ணுகிட்ட கொடுங்க.

(டக்கென்று கனெக்டர் பெட்டியில் விழும் சத்தம். டிவியில் ஆட்டம் தேடுகிறது.)

மாப்பிள்ளை: மாமா, என் பேருக்குப் பக்கத்துல வயர் படம் வந்திருச்சு! முன்னாடி வைஃபை படத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் ஆட்டத்தையே வேண்டாம்னுடுவாங்க. போய்த் திரும்பற பிங் 38 மில்லிசெகண்ட். அசையவே இல்லை!

மாமனார்: ஆடுங்க.

(சிறிது நேரம் கழித்து.)

மாமனார்: என்ன மாப்பிள்ளை, சத்தத்தைக் காணோம்?

மாப்பிள்ளை: தோத்துட்டேன்.

மாமனார்: லேக்கா?

மாப்பிள்ளை: இல்லை. குத்து எல்லாம் நேரத்துக்குத்தான் போச்சு. அவன் எல்லாத்தையும் தடுத்துட்டான். (தயங்கி) மாமா, அந்த வயரைக் கழட்டிடலாமா?

மாமனார்: ஏன்?

மாப்பிள்ளை: வைஃபைல தோத்தா வெளியில சொல்லிக்க ஒரு காரணம் இருந்தது.

மாமனார்: இப்போ புரியுது, இத்தனை நாளா பதினஞ்சு மீட்டர் வயருக்கு இந்த வீட்டுல ஏன் இடம் கிடைக்கலைன்னு. கேட்டுக்குங்க மாப்பிள்ளை: நகராத பெட்டிக்கு வயர், நகர்ற போனுக்கு வைஃபை. இதுக்கு மேல இந்த விஷயத்துல சண்டை போட ஒண்ணுமில்லை. வயர் லேக்கைத்தான் போக்கும். தடுத்து ஆடறதை நீங்கதான் பழகணும்.