பழியைக் காத்து மேலயே போடு, மாப்ளே

பெங்களூரு ஆடுகோடிக்குக் குடிவந்துட்ட, காரும் வாங்கிட்ட. ரொம்ப சந்தோஷம் மாப்ளே. அதைக் கொண்டுபோய் குல்மோகர் மரத்தடியிலயே நிறுத்து. மே மாசத்துல செவப்பாப் பூ கொட்டும், வண்டிக்கு மாலை போட்ட மாதிரி இருக்கும். சாயங்காலம் மரமே வந்து மேல உக்காரும், கூலி கேக்காது.

அமெரிக்கச் சூறாவளியைச் செல்போன்ல பாத்துட்டு, 'நம்ம ஊர்ல அதெல்லாம் இல்ல மாமா'ங்குற. வாஸ்தவந்தான். நம்ம ஊர்க் காத்து வட்டமெல்லாம் போடாது. பகலெல்லாம் காஞ்ச வெயிலுக்கு இடிமேகம் கட்டும். அதுலேர்ந்து குளுந்த காத்து பொத்துனு தரையில விழுந்து நாலாபக்கமும் பாயும். அரைமணி நேர வேலை. 2024 ஜூன் 2-ஆம் தேதி 111 மி.மீ. மழை. ஜூன் மாசத்துல ஒரே நாள்ல அவ்ளோ பெஞ்சு 133 வருஷத்துல யாரும் பாத்ததில்ல. நூத்துக்கணக்குல மரம் சாஞ்சுது.

பழியைக் காத்து மேல போட்டுடு. அதுக்கு வக்கீல் கெடையாது. 1980-கள்ல நெகின்ஹால்னு ஒரு வனத்துறை அதிகாரி இந்த ஊர்ல 15 லட்சம் மரம் வெச்சாரு. நட்டு வளக்கத்தான் அவருக்குத் தெரியும். நாமதான் கெட்டிக்காரங்க. சாக்கடைக்கு ஒருபக்க வேரு, கேபிளுக்கு மறுபக்க வேரு வெட்டிட்டு, மிச்சத்தைச் சிமெண்ட் பூசி மூடினோம். கரண்ட் கம்பிக்காக ஒருபக்கக் கெளையை மட்டும் கழிச்சு, பாரத்தையெல்லாம் ரோட்டுப் பக்கம் தள்ளினோம். பால் ஆராய்ச்சி நிலையத்துக் காம்பவுண்டுக்குள்ள மண்ணுல நிக்கிற மரத்தையும் நம்ம தெரு மரத்தையும் ஒருதரம் பாத்துட்டு வா. காத்து ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு வெளையாட்டு வராது. 2023 மே மாசம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில தேங்கின மழைத்தண்ணியில கார் மாட்டி ஒரு இளவயசுப் பொண்ணு செத்துப் போயிட்டா. தண்ணி நின்னா வண்டியைத் திருப்பு. கம்பி அறுந்து கெடந்தா கிட்டப் போகாம கரண்ட் கம்பெனி பெஸ்காமுக்கு 1912-ல சொல்லு.

அப்புறம், வாசல் மரத்தைச் சுத்தி ரெண்டடி சிமெண்டை ஒடைக்கட்டுமான்னு வீட்டு ஓனரைக் கேளு. செருப்புல சேறு ஒட்டும்பாரு. கழுவினாப் போயிடும்னு சொல்லு. வாடகை ஏத்துற மாசம் பாத்துக் கேக்காத, அவ்ளோதான்.