கட்டைவிரலும் கும்பிடும்: அலுவலக வாட்ஸாப் குழுக்களின் மெய்ப்பாட்டியல்

எமோஜி என்பது உள்ளத்து உணர்ச்சியை வெளிக்காட்டும் கருவி என்பர். வீட்டளவில் அது சரியாக இருக்கலாம். பணியிடத்தில் அது உணர்ச்சியை மறைக்கவே பயன்படுகிறது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். இதற்குச் சான்றுகள் தொல்காப்பியம், நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு, ஆய்வாளர் விலக நினைத்தும் விலக முடியாத அலுவலகக் குழுக்கள் சில.

முதலில் வரலாறு, சுருக்கமாக. எமோஜிக்கு முன்னோடியான குறி பிறந்ததே ஒரு பணியிடத்தில்தான். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், லிப்டில் பாதரசம் சிந்திவிட்டது என்று ஒருவர் கணினிப் பலகையில் வேடிக்கையாக எழுத, அதைச் சிலர் மெய்யான எச்சரிக்கை என்று நம்பிவிட்டனர். இனி வேடிக்கையை வேடிக்கை என்று அடையாளமிட முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரித்த முகம் இடலாம் என்று 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் முன்மொழிந்தார். 1999இல் ஜப்பானின் டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகெடகா குரிடா 176 சின்னங்களை வரைந்தார். ஒவ்வொன்றும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு புள்ளிக் கட்டத்துக்குள் அடக்கம். அத்தனை சிறிய கட்டத்துக்குள் நம் அலுவலகங்கள் பின்னாளில் எதையெல்லாம் ஒளித்துவைக்கப்போகின்றன என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

இனி இலக்கணம். உள்ளத்து உணர்ச்சி உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்ற தொல்காப்பியர், அவற்றை எட்டாக வகுத்தார். வாட்ஸாப் 2022 மே மாதம் செய்திகளின்கீழ் எதிர்வினை இடும் வசதியைத் தந்தபோது கொடுத்தவை ஆறு. கண்ணீர்ச் சிரிப்பு நகைக்கும், அழுமுகம் அழுகைக்கும், திறந்த வாய் மருட்கைக்கும், இதயம் ஒருவாறு உவகைக்கும் பொருந்துகின்றன. எஞ்சிய இரண்டு, கட்டைவிரலும் கும்பிடும். இவை எந்த மெய்ப்பாட்டிலும் சேரா. விடுபட்டுப்போனவையோ அச்சம், வெகுளி, இளிவரல், பெருமிதம். திங்கள் முதல் வெள்ளி வரை ஓர் அலுவலகத்தில் விளையும் உணர்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தால் இந்த நான்கைத் தவிர அதிகம் தேறாது. அவை எங்கே போயின?

அச்சத்தை எடுத்துக்கொள்வோம். அது பிறக்கும் களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு. பேயும் புலியும் திருடனும் அலுவலகத்துக்கு அன்றாடம் வருவதில்லை. நான்காமவர் காலை ஒன்பதரைக்கே வந்துவிடுகிறார். அவரே இரவு பத்தரைக்கு, "நாளைக் காலை ஒன்பதுக்குள் ரிப்போர்ட் வேண்டும்" என்று குழுவில் இடுகிறார். பெற்றவர் நெஞ்சில் அச்சமும் வெகுளியும் ஒருங்கே எழுகின்றன. 2022 ஜூலை முதல் விரும்பிய எமோஜியை இடலாம் என்று வாட்ஸாப் கதவைத் திறந்துவிட்டது. சினத்தால் சிவந்த முகமும் அதில் உண்டு. ஆயினும் அதை மேலாளரின் செய்தியின்கீழ் இட்டவரை ஆய்வாளர் எந்தக் குழுவிலும் கண்டதில்லை. இடப்படுவது கும்பிடுதான். விடுபட்ட நான்கும் அதற்குள் ஒடுங்கின என்க.

கும்பிடு எண்ணிக்கையால் பொருள் வேறுபடும். ஒன்று, செய்தி கிடைத்தது. இரண்டு, விடுப்பு வேண்டும். மூன்று, சம்பள முன்பணம். அதற்கு மேற்பட்டால் விற்பனைப் பிரிவு இந்த மாத இலக்கை எட்டவில்லை என்று கொள்க. கூப்பிய கை வேலை செய்யாக் கை, ஆதலால் ரிப்போர்ட் ஒன்பது மணிக்கு வராது என்பதே உட்பொருள் என்று நுண்பொருள் காண்பாரும் உளர். அதுவே சிறப்பு.

நகை பற்றி ஒரு திருத்தம் மட்டும். அது பிறக்கும் களங்களைத் தொல்காப்பியர் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காகச் சொன்னார். மேலாளர் பகிரும் பழைய துணுக்கின்கீழ் நிமிடத்துக்குள் வரிசைகட்டும் கண்ணீர்ச் சிரிப்புகள் இந்நான்கில் எதிலும் அடங்கவில்லை. 'பதவி' என ஐந்தாவது களம் ஒன்று வேண்டும். அப்ரைசல் மாதத்தில் இதன் விளைச்சல் பெருகுவதைக் காண்க.

கட்டைவிரலுக்கு வருவோம். இதில் இரண்டு மரபுகள் உள்ளன. கனடாவின் சாஸ்காட்சுவான் மாகாணத்தில் தானிய நிறுவனம் ஒன்று ஆளிவிதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பியது. அவர் கட்டைவிரலை உயர்த்தினார், விதையை அனுப்பவில்லை. ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்றுதான் சொன்னேன், ஒப்புக்கொள்ளவில்லை என்பது அவர் வாதம். முந்தைய ஒப்பந்தங்களுக்கு 'ஓகே' என்ற அளவில் பதில் போட்டுவிட்டுச் சரக்கை ஒழுங்காக அனுப்பியவர் ஆயிற்றே என்றது நீதிமன்றம். கட்டைவிரலே கையொப்பம் என்று 2023இல் தீர்ப்பாகி, அவர் தரவேண்டிய இழப்பீடு 82,000 கனடா டாலரைத் தாண்டியது.

சென்னை மரபு வேறு. மேலதிகாரி ஒருவர் கொலையுண்ட செய்தி குழுவில் வந்தபோது, ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் அதற்குக் கட்டைவிரலை இட்டார். கொலையைக் கொண்டாடினார் என்று வேலை பறிபோனது. 'ஓகே' என்பதற்கு மாற்றாகவும், செய்தியைப் பார்த்ததற்கான ஒப்புகையாகவும் அதைக் கொள்ளலாம், கொண்டாட்டமாகாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் மீண்டும் பணியில் சேர வழிவிட்டது.

கனடியக் கட்டைவிரல் 'செய்கிறேன்' என்கிறது. சென்னைக் கட்டைவிரல் 'பார்த்தேன்' என்பதோடு நின்றுகொள்கிறது. நம் அலுவலகங்கள் இத்தீர்ப்புக்கு நெடுங்காலம் முன்பே சென்னை மரபில் தேர்ந்தவை. கோப்பின் ஓரத்தில் சுருக்கொப்பமிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்கு நகர்த்திய கையின் வழிவந்த விரல் இது. பழைய மஞ்சளை ஐந்து தோல்நிறங்களில் மாற்றிக்கொள்ள 2015இலேயே வழி வந்துவிட்டது. பச்சை மட்டும் தரப்படவில்லை. பச்சை மைக்காரர்களுக்கு இது பேரிழப்பு. சோழிங்கநல்லூரில் இருந்துகொண்டு டொராண்டோ வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் மென்பொருள் குழுக்களில் இரு மரபும் ஒரே திரையில் மோதுகின்றன. "சனிக்கிழமை முடிந்துவிடுமா?" என்ற கேள்விக்குக் கீழே பதினொரு கட்டைவிரல்கள். அங்கே நிம்மதியாக உறங்கப் போகிறார்கள். இங்கே பதினொருவரும் பார்த்துவிட்டார்கள்.

எஞ்சும் சிக்கல் ஒன்று. இட்ட கட்டைவிரலைத் திரும்ப எடுத்துவிடலாம், தடயம் நிற்காது. விடுப்புக் கேட்டு இரண்டு கும்பிடு போட்ட ஊழியருக்குக் காலையில் மேலாளர் கட்டைவிரல் காட்டினார். மாலையில் பார்த்தால் அதைக் காணோம். கனடிய மரபின்படி விடுப்பு காலையிலேயே கிடைத்துவிட்டது. சென்னை மரபின்படி அது எப்போதுமே கிடைக்கவில்லை. கிடைக்காததை எப்படித் திரும்பப் பெறுவது? இரு தீர்ப்புகளிலும் இதற்கு விடை இல்லை. ஊழியரைக் கேட்கலாமென்றால் அவர் செல்போனை அணைத்துவைத்துவிட்டு எழும்பூரில் ரயிலேறிவிட்டார்.