பர்மா இல்லாத பாடத்திட்டம்

எண்பதுகளின் நடுவில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படித்தவர்களுக்கு சோவியத் அரசியல் சட்டத்தின் 72ஆம் பிரிவு இன்றும் நினைவிருக்கும். ஒன்றியத்தில் உள்ள எந்தக் குடியரசும் விரும்பினால் பிரிந்து போகலாம் என்று சொன்ன பிரிவு அது. 1977ஆம் ஆண்டுச் சட்டத்தில் மொத்தம் 174 பிரிவுகள். மாஸ்கோவில் அச்சான கெட்டி அட்டைப் புத்தகங்கள் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் மலிவாகக் கிடைத்தன. வாங்கி வைத்து, அடிக்கோடு போட்டு, மனப்பாடம் செய்தோம். பிரிந்து போகும் உரிமை ஏட்டில் மட்டும்தான் என்று எழுதினால் போதும், மதிப்பெண் விழுந்துவிடும்.

நாங்கள் பட்டம் வாங்கி ஐந்து வருஷம் ஆவதற்குள், 1991 டிசம்பரில், அந்த நாடே இல்லை. 72ஆம் பிரிவின்படியோ அதைப் பார்க்காமலோ, 15 குடியரசுகளும் தனித்தனியே போய்விட்டன. யூகோஸ்லாவியா ரத்தக்களறியாக உடைந்தது. செக்கோஸ்லோவாகியா 1993 ஜனவரி முதல் தேதி சத்தமில்லாமல் இரண்டானது.

இதற்காக எங்கள் ஆசிரியர்களை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். உலகத்தின் பெரிய பெரிய அறிஞர்களே எதிர்பார்க்காத ஒன்று அது. எனக்குள்ள வருத்தம் வேறு. ஆட்சி மாறினால், எல்லை மாறினால், குடியுரிமை கைவிட்டுப் போனால் மனிதனுக்கு என்ன நடக்கும் என்பதை உடம்பால் அறிந்தவர்கள் அதே வருஷங்களில் எங்கள் பக்கத்து ஊர்களில் திண்ணைக்குத் திண்ணை உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் போய் யாரும் எதையும் கேட்கவில்லை.

எனக்குத் திருக்கோஷ்டியூர். திருப்பத்தூருக்கும் சிவகங்கைக்கும் நடுவில் இருக்கிறது. ராமானுஜர் பதினெட்டாவது நடையில் உபதேசம் பெற்று, மேலே ஏறி நின்று எல்லோருக்கும் சொன்ன ஊர் என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. பாண்டியன் வல்லபதேவனிடம் அமைச்சராக இருந்த செல்வநம்பி எங்கள் ஊர்க்காரர் என்று வைணவ மரபு சொல்கிறது. எது மேலான பரம்பொருள் என்று பாண்டியன் சபையில் வாதம் நடந்தபோது பெரியாழ்வாரை வரவழைக்கக் காரணமாக இருந்தவரும் அவரே. ஆக, எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பேசுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல.

1985இல் நான் சென்னைக்குக் கிளம்பினேன். ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து எங்கள் மாவட்டம் தனியாகப் பிரிந்த வருஷம் அது. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் பிறந்ததும் அதே வருஷம்தான். மருதுபாண்டியர் பஸ்ஸில் திருப்பத்தூர் போய், அங்கிருந்து வண்டி மாறி, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில் பெட்டியை வைத்தேன். கல்லூரியில் பிளேட்டோ முதல் மார்க்ஸ் வரை ஒரு தாள், பொது நிர்வாகம் ஒரு தாள், சர்வதேசச் சட்டம், இந்திய அரசியல் சட்டம், எல்லாவற்றுக்கும் மேலே ஒப்பீட்டு அரசியல். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அரிஸ்டாட்டில் 158 அரசியல் அமைப்புகளைத் திரட்டி ஒப்பிட்டார் என்று முதல் வகுப்பில் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது உண்மை.

அந்தத் தீபாவளி விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஐயா கேட்டார். ஐயா என்றால் என் அப்பாவின் அப்பா. நெற்குப்பைப் பக்கத்துச் செட்டியார் ஒருவரின் கடையில் சமையல் வேலைக்கென்று சின்ன வயதில் பர்மா போனவர்.

"மெட்ராஸ்ல என்ன படிப்பு தம்பி?"

"அரசியலுங்கய்யா. ஒவ்வொரு தேசத்துலயும் ராஜாங்கம் எப்படி நடக்குதுன்னு ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாக்குறது."

"நல்ல படிப்புதான். பர்மா இருக்கா?"

"இல்லை."

"சிலோன்?"

"இல்லைங்கய்யா."

"அப்ப எந்தெந்தத் தேசம்?"

"இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்ஸ், ரஷ்யா, சீனா, சுவிட்சர்லாந்து."

"சுவிட்சர்லாந்துல நம்ம ஆளுக யாரு இருக்கா?"

கிண்டலாக அவர் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்குப் பிறகு விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவர் பேசுவதும் நான் கேட்பதும் வழக்கமானது. மூணு வருஷக் கணக்குக்குப் போகும் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன் என்று அந்தக் கடைகளின் அடுக்குமுறையை அவர் வாயால்தான் கேட்டேன். அடுப்படியில் நின்றவருக்குக் கடையின் கணக்கும் தெரிந்திருந்தது, வெளியே இருந்த பர்மாக்காரனின் மனசும் தெரிந்திருந்தது.

"நெல்லு விலை விழுந்துச்சு. கடன் வாங்கினவன் கட்ட முடியலை. நிலம் மொதலாளி கைக்கு வந்துச்சு. நிலம் வந்த அன்னைக்கே ஊரு நம்மளை விட்டுப் போயிருச்சு தம்பி" என்றார் ஒருநாள்.

பிற்பாடு புள்ளிவிவரங்களைப் பார்த்தேன். கீழ்பர்மாவின் 13 நெல் விளையும் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937-38 வாக்கில் அது 25 பங்கு. உலகப் பொருளாதார மந்தம் செய்த வேலை. அவர்கள் நிலத்துக்காகப் போனவர்கள் அல்லர், வட்டிக்குப் போனவர்கள். ஆனாலும் நிலம் போனவனின் கோபம் அவர்கள் மேல்தான் விழுந்தது. 1930இலும் 1938இலும் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரங்கள் நடந்தன. பொருளாதார வீழ்ச்சி எப்படி இனப்பகையாக மாறுகிறது என்பதற்கு வெய்மார் ஜெர்மனியை எங்களுக்கு உதாரணம் காட்டினார்கள். சரியான உதாரணம்தான். ஐயாவிடம் இருந்ததும் அதே பாடம். அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது அவருக்கு.

1942இல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கான பேர் கால்நடையாகத் திரும்பினார்கள். ஐயா தாமு வழியாக இம்பால் வந்து சேர்ந்தவர். வழியில் கண்டதைப் பற்றி அவர் பேசியதே இல்லை, நானும் வற்புறுத்தவில்லை. மிஞ்சியவர்களின் நிலத்தை 1948இல் வந்த தேசிய உடைமைச் சட்டம் பார்த்துக்கொண்டது. 1962இல் நே வின் ராணுவத்தோடு ஆட்சிக்கு வந்தார். 1964இல் கடைகள் அரசுடைமை ஆயின. அந்த மே மாதமே 50, 100 நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்களுக்குக் காரைக்குடியில் ஒரு பர்மா காலனியே உண்டு.

ஐயாவின் திண்ணைக்கு வந்து போனவர்களில் சைகோனில் இருந்த ஒருவர் உண்டு. அவர் சொன்ன ஒரு செய்தி என் பாடப்புத்தகம் எதிலும் இல்லை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில், பிரெஞ்சுக் குடியுரிமை ஏற்ற புதுச்சேரித் தமிழனுக்கு ஓட்டு உண்டு. பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருக்கும் செட்டிநாட்டுத் தமிழனுக்கு இல்லை, அவன் வெள்ளைக்காரன் பிரஜை. ஒரே தெரு, ஒரே மொழி, ஒரே சாப்பாடு. ஒருவன் குடிமகன், மற்றவன் வெறும் ஆள். குடியுரிமை என்றால் என்ன என்று ஒரு வகுப்பு எடுக்க வேண்டுமானால் இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் கதை இன்னும் கொடியது. 1948இன் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழரை ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினரைக் காக்கும் என்று நம்பி வழக்குப் போட்டார்கள். கோடகன் பிள்ளை வழக்கு என்று பெயர். 1953இல் லண்டன் பிரிவி கவுன்சில் கைவிரித்துவிட்டது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. நான் கல்லூரியில் இருந்த வருஷங்களில் இலங்கைத் தமிழர் சிக்கலுக்காகத் திம்பு பேச்சுவார்த்தை நடந்தது, மண்டபம் அகதி முகாம் நிரம்பி வழிந்தது, சென்னைத் தெருக்களில் மாணவர் ஊர்வலம் போனது. வகுப்புக்குள் நாங்கள் சுவிஸ் கூட்டாட்சியின் இயல்புகளை எழுதிக்கொண்டிருந்தோம். சுவிஸ் மாதிரியை இலங்கையில் வைத்தால் நிற்குமா என்று ஒரு கேள்வி எழுந்திருந்தால் வகுப்பறையே விழித்துக்கொண்டிருக்கும்.

சுவிட்சர்லாந்தைப் பற்றியே இன்னொன்று சொல்ல வேண்டும். அங்கே சில மாநிலங்களில் மக்கள் திறந்த வெளியில் கூடிக் கையைத் தூக்கி முடிவெடுப்பார்கள், நேரடி மக்களாட்சியின் உச்சம் அது என்று படித்தோம். அப்பென்சல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்தில், நான் அதைப் படித்த நாளில், பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் ஓட்டுக் கிடையாது. 1990இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் கிடைத்தது. எங்கள் அப்பத்தாவோ 1952 முதலே ஓட்டுப் போட்டு வந்தவர்.

நம் பக்கத்திலும் எண்ணிப் பார்க்க நிறைய இருந்தது. நகரத்தார் கோயில்களில் மணமான ஆண் ஒரு புள்ளி, கைம்பெண் அரைப்புள்ளி. புள்ளிக் கணக்கில்தான் வரி. பணக்காரனுக்கும் ஏழைக்கும் புள்ளி ஒன்றுதான் என்பதில் ஒரு சமத்துவம், பெண்ணைக் கணக்கில் வைக்கும் விதத்தில் ஒரு பேதம். இன்னொரு பக்கம் நாட்டார் கூட்டங்கள். நான்கு நாட்டார் வடம் பிடிக்கும் கண்டதேவித் தேர், வடம் தொடும் உரிமை தலித்துகளுக்கும் உண்டா என்ற கேள்வி எழுந்ததால் பல வருஷம் நிலையிலேயே நின்று, 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது. சபை, வரி, உரிமை, விலக்கு என்று அரசியல் அறிவியல் தேடுகிற அத்தனையும் ஒரு டவுன் பஸ் தூரத்தில் கிடந்தன.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. காங்கிரஸ் கட்சியை ஆராய்ந்த மைரன் வீனர் தேர்ந்தெடுத்த ஐந்து இடங்களில் மதுரையும் ஒன்று. அவர் நூல் 1967இல் வந்தது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார்களைப் பற்றி எழுதியது 1969இல். உள்ளூரிலும் ஆள் இருந்தார்கள். நெற்குப்பை சோமலெ தேசம் தேசமாகப் போய், கண்டதைத் தமிழில் எழுதிக் குவித்தார். நான் படித்துக்கொண்டிருந்த 1986இல்தான் அவர் மறைந்தார். சிங்கம்புணரியில் பிறந்து மேடானில் வேலை பார்த்த ப.சிங்காரம், டச்சுக்காரன் ஆட்சியும் ஜப்பான் ஆட்சியும் அடுத்தடுத்துக் கவிழ்ந்ததை 'புயலிலே ஒரு தோணி'யில் வைத்தார். ஒப்பீட்டு அரசியல் வகுப்பில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த நூல்களையும் இதழ்களையும், 1992இல் அவர் காலமான பிறகு, வாங்கிக் காப்பாற்றியது சிகாகோ பல்கலைக்கழகம். 1994இல் சென்னையில் அது நூலகமாக அமைந்தது. சிகாகோவுக்கு என் வணக்கம். ஆனால் கோட்டையூரின் மதிப்பைக் கண்டு சொல்ல அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

இப்போது பணி ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டேன். ஐயா இல்லை, அந்தத் திண்ணையும் இல்லை. எதிர்வீட்டுப் பெண் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குத் தயாராகிறாள். அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் அவள் எடுத்த விருப்பப் பாடம். இரண்டாம் தாளில் ஒப்பீட்டு அரசியல் வருகிறது. டெல்லி பயிற்சி மையத்துக் குறிப்புகளைக் கைப்பேசியில் வைத்துப் படிக்கிறாள், நான் நூலகத்தில் ஒரு வாரம் காத்திருந்து படித்ததை அவள் ஒரு நிமிஷத்தில் திறந்துவிடுகிறாள். வாங்கிப் பார்த்தேன். அருமையான குறிப்புகள். பர்மா அதிலும் இல்லை.

ஆனால் இந்தப் பெண்ணுக்கு எனக்குக் கிடைக்காத ஒன்று கிடைத்திருக்கிறது. அவள் அம்மா ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தவர். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாடு 2016இல் சட்டம் செய்ததன் பலன். அப்போது கிராம சபைக்கு அம்மாவோடு போவாள். தீர்மான நோட்டில் என்ன எழுதுகிறார்கள், கையெழுத்து யார் போடுகிறார்கள், பெண் உறுப்பினர் இருக்கும்போது அவர் வீட்டுக்காரர் ஏன் பேசுகிறார் என்றெல்லாம் கவனித்து வந்து என்னிடம் கேட்பாள். அவளுக்கு ஐயாவின் கதையைச் சொன்னேன். அடுத்த வாரமே காரைக்குடி பர்மா காலனிக்கு ஒரு நோட்டோடு போய் வந்தாள்.

ஒருத்தி போனால் போதாது. செட்டிநாட்டு வீடுகள் தூண் தூணாக விலைக்குப் போகின்றன. தூணுக்கு வாங்க ஆள் வருகிறது, பேரேடுகளுக்கும் கடிதக் கட்டுகளுக்கும் வருவதில்லை. ரங்கூன், சைகோன், மேடான், கொழும்பு என்று நாலு ஆட்சிகளின் வரியும் சட்டமும் அவற்றில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. காரைக்குடி, சிவகங்கை, திருப்பத்தூர் கல்லூரிகளில் அரசியலும் வரலாறும் சொல்லித் தரும் ஆசிரியர்களை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு தாளில் பாதியையாவது இதற்கு ஒதுக்குங்கள். மாணவர்களிடம் ஆளுக்கு ஒரு பெரியவரைப் பிரித்துக் கொடுங்கள். அவர் பேசுவதைப் பதிவு செய்து, தேதி போட்டு, கல்லூரி நூலகத்தில் வைக்கச் சொல்லுங்கள். 1964இல் பத்து வயதுப் பிள்ளையாகக் கப்பலிலிருந்து இறங்கியவர்களுக்கு எழுபது தாண்டிவிட்டது. அடுத்த கல்வியாண்டுக்கென்று தள்ளாமல் இந்த விடுமுறையிலேயே போகச் சொல்லுங்கள்.